பத்துமலையின் வெள்ளைக் கோடு

மோதிரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் பத்துமலை எந்த வண்டியின் பானட்டையும் திறப்பார். முதலில் கைக்கடிகாரம், அடுத்து மோதிரம். இரண்டுக்கும் தனித்தனி ஆணிகள். மோதிர விரலின் அடியில் வளையம் போல ஒரு தழும்பு இருக்கிறது. இருபது வருடங்களுக்கு முன்பு, ஒரு ஸ்பேனருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் அந்த விரல் மாட்டிக்கொண்டதன் அடையாளம். “தங்கம் நல்லா கரண்ட் எடுக்கும் லா. நம்பாட்டி என் விரல கேளுங்க” என்பார்.

மோதிரத்துக்கு அடுத்தது கேள்விகள். பேட்டரி விளக்கு எரிகிறது என்று வருகிறவரிடம் பேட்டரியைப் பற்றி அவர் கேட்பதில்லை. “எப்ப எரியுது? ஏர்கோன் போட்டாவா, போடாட்டியுமா? மழையிலயா, வெயில்லயா?” வந்தவர், “சும்மாதான் எரியுது அண்ணே” என்று சொல்லிவிட்டால் போயிற்று. “சும்மா எதுவும் எரியாது. நல்லா யோசிச்சு வைங்க, நான் தே ஓ குடிச்சிட்டு வாரேன்” என்று எதிர்க்கடைக்கு நடந்துவிடுவார். பால் சேர்க்காத அந்தத் தேநீர் முடிவதற்குள் வந்தவருக்கு ஏதாவது ஒன்று ஞாபகம் வந்திருக்கும்.

செமோரிலிருந்து ஈப்போ போகும் பழைய சாலையில், ரப்பர் தோட்டத்தின் பால் நிறுக்கும் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். அவற்றின் கடைசியில் தகரக்கூரை போட்ட பட்டறை அவருடையது. எஞ்சினைப் பிரிப்பவரைப் போமேன் என்றும், வண்டியின் மின்சாரத்தைப் பார்ப்பவரை வயர்மேன் என்றும் இங்கே அழைப்பார்கள். பத்துமலை வயர்மேன். வயது நாற்பத்தெட்டு. ஒல்லி. காதோரம் எப்போதும் ஒரு வெள்ளைப் பெயின்ட் பேனா செருகியிருக்கும்.

அந்தப் பேனாவுக்கு ஒரே ஒரு வேலை. ஒரு போல்ட்டை இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை நேராக ஒரு கோடு இழுப்பார். பிறகு யாராவது அந்தப் போல்ட்டைத் தொட்டுத் திருப்பினால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுக்கும். “கோடு ஒடஞ்சிருந்தா எவனோ கை வச்சிட்டான். கோடு நேரா இருந்தா அது என் வேல, அத பாக்கத் தேவையில்ல.” ஈப்போ வட்டாரத்தில் ஓடும் எத்தனையோ வண்டிகளின் உள்ளே, யாரும் பார்க்காத மூலைகளில், இந்த வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன.

அவருடைய பட்டறையில் புதுச் சாமான்களை அடுக்கி வைக்கும் அலமாரி கிடையாது. “மாத்திப் பாத்துருவோம்” என்ற பேச்சே அவருக்கு ஆகாது. “அது சிஞ்சாய் வேல. ஏனோதானோன்னு மாத்துறதுக்கு மீட்டர் எதுக்கு? கண்ண மூடிக்கிட்டே மாத்தலாமே.” வண்டிக்கு ஓர் அட்டை. பேட்டரி வந்த பெட்டிகளை வெட்டி வைத்திருக்கிறார். அளந்த ஒவ்வோர் எண்ணையும் அதில் எழுதுவார். எழுதாத எண்ணை அளந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார். மீட்டரின் கம்பி நுனி ஒரு முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அலறினாலும் எடுக்க மாட்டார்.

தொழில் படித்தது காம்பார் பக்கம், பழைய கார்களை வெட்டி விற்கும் ஒரு முற்றத்தில். எட்டு வருடம். ஓடாத வண்டிகளிலிருந்து வயர்க் கட்டுகளை அறுக்காமல் முழுசாக உருவி எடுப்பது அவர் வேலை. தரையில் விரித்துப் போட்டால் வேரோடு பிடுங்கிய செடி மாதிரி கிடக்குமாம். “எது எங்க கெளம்பி எங்க முடியுதுன்னு கையாலயே படிச்சேன்.” மீதியை ஒரு மலாய்ப் புத்தகத்திலிருந்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். மின்சாரத்தை அவர் ‘அவன்’ என்றுதான் சொல்வார். “எல்லாரும் அவன் போற வழியத்தான் பாக்குறாங்க. அவன் பேட்டரிக்குத் திரும்பி வாற வழிய எவனும் பாக்குறதில்ல. போனவன் வீடு திரும்பணும் லா.”

அவன் வீடு திரும்பும் வழியின் கடைசி வாசல், பேட்டரியின் எர்த் வயர் வண்டியின் உடம்போடு சேரும் போல்ட். ஆயுத பூசை அன்று எல்லாப் பட்டறைகளிலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், பானட்டில் பொட்டு வைப்பார்கள். பத்துமலை இந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, அடித் தகடு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி இறுக்கி, கோடு இழுத்து, அதன் தலையில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். தவறாமல் வரும் வாடிக்கையாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இதற்கென்றே அன்று வண்டியைக் கொண்டுவருவார்கள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பத்தே கால் மணிக்கு, வாடிக்கையாளர் கலாதேவியின் வெள்ளை வேன் பட்டறைக்குள் வந்தது. சிறுநீரகம் பழுதானவர்களை டயாலிசிஸ் செய்ய ஈப்போவுக்கு ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் தொழில். எஞ்சினை நிறுத்தாமலே கீழே இறங்கினார்.

“அண்ணே, நிறுத்தினா மறுபடி எடுக்குமான்னு தெரியல. அதான் ஐயாவையும் ஏத்திக்கிட்டே வந்துட்டேன்.”

முன்னிருக்கையில் ஸ்கந்தராஜா உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்துப் பேச்சு. மடித்து விட்ட சட்டைக் கைக்குக் கீழே, ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்தது.

“எப்ப எரியுது?” என்றார் பத்துமலை, மோதிரத்தைக் கழற்றிக்கொண்டே.

“மழை பேஞ்சாத்தான் அண்ணே. லைட்டு, வைப்பர், ஏர்கோன் மூணும் போட்டா பேட்டரி வெளக்கு வந்துரும். நவம்பர்ல ஆரம்பிச்சுச்சு. ஸ்டார்ட்டும் இழுத்து இழுத்துத்தான் புடிக்குது. ஈப்போல ஒரு கடையில பேட்டரி மாத்துனான். அப்பவும் எரியுது. இன்னொரு கடையில போன வாரம் ஆல்டர்னேட்டர் மாத்துனான். அப்பவும் எரியுது.”

“என்கிட்ட ஏன் வரல?”

“நீங்க ஒரு நாள் முழுக்க கேள்வி கேப்பீங்க அண்ணே. எனக்கு ஏது நேரம்?”

ஸ்கந்தராஜா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “புதன்கிழமை நடுவழியில மழைக்குள்ள வேன் நிண்டுட்டுது தம்பி. எனக்கு ஒரு மணித்தியாலம் குறைச்சுத்தான் சுத்தம் செய்தவை. ரெண்டு நாளா காலைப் பாரும், யானைக்கால்.” வேட்டியைச் சற்று உயர்த்திக் காட்டினார். கணுக்கால் எலும்பே தெரியவில்லை.

இன்று அவருக்கு ஒரு மணிக்கு முறை. வழியில் இன்னும் மூன்று பேரை ஏற்ற வேண்டும். பன்னிரண்டுக்கு வேன் கிளம்பியாக வேண்டும். இன்னொரு முறை தாமதமானால் இந்த நால்வரையும் வேறு வேனுக்கு மாற்றிவிடுவதாக டயாலிசிஸ் மையத்தில் கலாதேவியிடம் சொல்லிவிட்டார்கள். மேற்கே மலைக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

பத்துமலை ஒரு புது அட்டையை எடுத்து மேலே வேனின் எண்ணை எழுதினார்.

அந்த வேனில் பேட்டரி முன்னிருக்கையின் அடியில் இருக்கிறது. ஸ்கந்தராஜாவைக் கைத்தாங்கலாக இறக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இருக்கையைத் தூக்கினார்கள். “முப்பத்தொரு வருஷம் ரயில்வே. கடைசியில ஒரு பேட்டரிக்கு மேல குந்தியிருக்கிறன்” என்றார் அவர். கலாதேவி வாங்கி வந்த தேநீரில் இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவருக்கு அவ்வளவுதான் அனுமதி.

விளக்குகள், வைப்பர், ஏர்கோன் எல்லாவற்றையும் போடச் சொன்னார் பத்துமலை. முகப்பில் சிவப்பாகப் பேட்டரி விளக்கு வந்தது. பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு புள்ளி நான்கு. எழுதினார். ஓடும் எஞ்சினில் அது பதினான்காவது இருக்க வேண்டும். இந்த வேனில் ஒரு சின்னக் கணினி பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது குறைந்தால் விளக்கை ஏற்றுகிறது.

அடுத்து ஆல்டர்னேட்டரின் முனையிலும் அதன் உடம்பிலும் வைத்தார். பதினான்கு புள்ளி இரண்டு. “இது நல்லா இருக்கு. கழட்டிப் போட்டானே, அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும்.” எழுதினார். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் போகும் வழியை அளந்தார். அங்கே தொலைவது புள்ளி ஒன்று மட்டுமே. திரும்பி வரும் வழியை அளந்தார். ஒன்று புள்ளி ஏழு.

அட்டையில் கூட்டினார். பன்னிரண்டு நான்கு, புள்ளி ஒன்று, ஒன்று ஏழு. பதினான்கு இரண்டு. கணக்கு சரியாக வந்தது. “அவன் வாற வழியில எவனோ மறிச்சிக்கிட்டு நிக்கிறான்” என்றார்.

வழியைத் துண்டு துண்டாக அளந்தார். எஞ்சினிலிருந்து வண்டியின் உடம்பு வரை பழுதில்லை. தொலைவதெல்லாம் உடம்புக்கும் பேட்டரிக்கும் நடுவில், ஒரு முழம் நீளமுள்ள எர்த் வயர் போகும் இடத்தில். இருக்கைக்கடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வயரின் முடிவில் எர்த் போல்ட். அதன் தலையிலிருந்து தகட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு. உடையாமல், நேராக.

டார்ச்சை அணைத்தார். அந்தப் போல்ட்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கினார்.

பேட்டரி முனையின் கவ்வியைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். எண் மாறவில்லை. வயரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்தார். வயரில் குறையில்லை. ஒரு தடித்த கம்பியை எடுத்துப் பேட்டரியின் எர்த் முனையையும் கதவோரத்து வெறுந்தகட்டையும் நேராக இணைத்தார். முகப்பில் சிவப்பு விளக்கு அணைந்தது. கம்பியை எடுத்தார். எரிந்தது. மணி பதினொன்று பத்து.

“அண்ணே, அந்தக் கம்பிய அப்டியே கட்டி விடுங்களேன். போய்ட்டு வந்துர்றேன்.”

“நாலு பேஷன்ட ஏத்திக்கிட்டு தொங்குற கம்பியிலயா போவ?”

“மழை வருது அண்ணே!”

“அதுக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

மீட்டரின் சின்னப் பேட்டரியை மாற்றினார். மறுபடியும் ஒன்று புள்ளி ஏழு. பக்கத்து ஏர்கோன் கடைக்கு ஓடி இன்னொரு மீட்டரை வாங்கி வந்தார். அதுவும் ஒன்று புள்ளி ஏழு என்றது. இரண்டு எண்களையும் அட்டையில் எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “கோடு நேரா இருக்கே” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

“அப்ப மீட்டர் பொய் சொல்லுதா அண்ணே?”

“ரெண்டு மீட்டர் சேந்து பொய் சொல்லாது.”

“அப்ப கோடு?”

நாற்காலியிலிருந்து ஸ்கந்தராஜாதான் பேசினார். “தம்பி, ரயில் பத்து நிமிஷம் பிந்தினா நாங்கள் காரணம் எழுதோணும். காரணம் தெரியாது எண்டு எழுதேலாது. நான் முப்பத்தொரு வருஷமா வாசிச்ச காரணங்களில ஒண்டிலயும் எழுதினவன்ர பேர் இருந்ததில்லை.”

பதினொன்று இருபத்தைந்துக்குப் பத்துமலை பன்னிரண்டாம் எண் ஸ்பேனரை எடுத்தார். இருக்கைக்கடியில் குனிந்து, தன் வெள்ளைக் கோட்டின் மேலேயே அதை மாட்டி, அழுத்தித் திருப்பினார். கோடு உடைந்தது.

போல்ட் வெளியே வந்ததும் வயரின் வட்டத் தலையைத் தூக்கினார். அதனடியில், பளபளக்க வேண்டிய தகட்டின் மேல், காய்ந்த சேறு போல மஞ்சளாக ஒரு படலம். ஓரமெல்லாம் சிவப்பு. நடுவில் செம்பு பச்சை பூத்திருந்தது. விரலில் எடுத்து மோந்தார். கலாதேவிக்கும் அந்த வாசனை வந்தது.

“சந்தனமா அண்ணே?”

அவர் தலையசைத்தார்.

“அந்த ரெண்டாவது கடைக்காரன் கழட்டிட்டு, தொடைக்காம மாட்டிட்டானா இருக்கும். திருட்டுப் பய!”

இதற்கும் தலையாட்டியிருந்தால் போதும். கலாதேவி நம்பியிருப்பார், ஸ்கந்தராஜாவும் நம்பியிருப்பார். பத்துமலை எழுந்து, உடைந்த கோட்டின் பாதியை விரலால் சுட்டிக் காட்டினார்.

“இத நான் ஒடைக்கிற வரைக்கும் யாரும் தொடல தங்கச்சி. ஆயுத பூச அன்னிக்கு பூசாரி சீக்கிரமா தட்ட தூக்கிட்டு வந்துட்டாரு. வேற கோயிலுக்குப் போவணும்னு அவசரப்படுத்துனாரு. உன் போல்ட்டு தொறந்து கெடந்துச்சு. இறுக்கிட்டுத்தான் பொட்டு வைப்பேன். அன்னிக்கு தொறந்த தகட்டு மேலயே பொட்ட வச்சிட்டு இறுக்கிட்டேன். நாலு மாசமா நாந்தான் மறிச்சிக்கிட்டு நிக்கிறேன்.”

கலாதேவிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. “அட சாமி! புண்ணியத்துக்குப் பொட்டு வைக்கப் போயி என்னை நடுரோட்டுல நிக்க வச்சிட்டீங்களே அண்ணே!”

“ஆமா” என்றார்.

சந்தனத்தைச் சுரண்டி ஒரு செய்தித்தாளில் எடுத்து மடித்தார். எண்ணெய்க் குப்பையில் போட மனம் வரவில்லை. சாமி படத்துக்குக் கீழே வைத்தார். தகட்டை உப்புத்தாளால் தேய்த்தார். வெள்ளியாக மின்னியது. போதும் என்று கலாதேவி இரண்டு முறை சொன்னார். அவர் மூன்றாவது தாளை எடுத்தார். வயரின் தலையை இருபுறமும் தேய்த்தார். போல்ட்டை இறுக்கினார். எல்லாவற்றையும் போடச் சொல்லி அளந்தார். பதினான்கு புள்ளி ஒன்று. முகப்பில் சிவப்பு இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி திருகச் சொன்னார். ஒரே இழுப்பில் எடுத்தது.

“இன்னொரு தரம்.”

“அண்ணே, பன்னெண்டாவப் போகுது!”

“இன்னொரு தரம் லா.”

எடுத்தது. அப்புறம்தான் கோடு இழுத்தார்.

அட்டையின் அடியில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதி ஸ்கந்தராஜாவிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். “காரணம்: பத்துமலை.” அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “எங்கட ரயில்வே கந்தோரில உமக்கு இடம் கிடைச்சிருக்காது” என்று சொல்லிவிட்டுப் பத்துமலையின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வேன் சாலையில் ஏறும்போது பெரிய துளிகளாக மழை இறங்கியது. வைப்பரும் முன்விளக்கும் ஒன்றாக உயிர்பெற்றன. அது திரும்பி மறையும்வரை பத்துமலை தகரக்கூரையின் விளிம்பில் நனைந்துகொண்டு நின்றார்.

பிறகு உள்ளே வந்து, சுவரில் தொங்கும் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஆயுத பூசை நாளின் அட்டையைத் தேடி எடுத்தார். பதினொரு வண்டிகளின் எண்கள். பூசாரி வந்த நேரத்தில் எத்தனை போல்ட்டுகள் திறந்து கிடந்தன என்று அதில் எழுதியிருக்கவில்லை. கைப்பேசியை எடுத்து முதல் வண்டிக்காரரை அழைத்தார்.

“ஜெயபாலா, வண்டிய கொண்டா.”

“தூரமா லூமுட்ல இருக்கேன் அண்ணே. வண்டி நல்லாத்தான ஓடுது?”

“நல்லா ஓடுறப்பவே கொண்டா. என் கை வேல ஒண்ண பாக்கணும்.”

அடுத்த எண். அதற்கடுத்த எண். எல்லோரிடமும் அதே சொற்கள். எடுக்காதவர்களின் வரிக்கு நேரே ஒரு புள்ளி வைத்து, கடைசி வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து அழைத்தார். நடுவில் கலாதேவியின் அழைப்பு வந்தது. “நாலு பேரும் உள்ள போய்ட்டாங்க அண்ணே. அஞ்சு நிமிஷம் முன்னாலயே. வழியெல்லாம் மழை, பேட்டரி வெளக்கு எரியல.” “சரி” என்று வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அட்டையின் பதினோராவது வரியில் இருப்பது அவருடைய சொந்த பிக்கப். பட்டறைக்குப் பின்னால் நிற்கிறது. இதுவரை ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். பத்துமலை சுவரோரம் போய்க் கைக்கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தார். மோதிரத்தை எடுக்கக் கை நீண்டது. பாதியில் நின்றது. கடிகாரத்தையும் அதன் ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டு, மழைக்குள் நடந்துபோய் பிக்கப்பின் பானட்டைத் தூக்கினார்.